பூவா, தலையா?



இன்றைய பேச்சு கணக்கைப் பற்றியது. கணக்கு என்றதும் யாரும் எழுந்து போக வேண்டாம். இது பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கித் தந்த கணக்கு அல்ல. வீட்டுக் கணக்கு. எத்தனையோ வீடுகளில் கண்ணீருக்குக் காரணமான கணக்கு.

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிப் பாருங்கள். அந்த வீடு அரியானாவில் இருக்கலாம். பீகாரில் இருக்கலாம். அடுத்த தெருவிலும் இருக்கலாம். அந்த வீட்டு மருமகளுக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருக்கிறது. முதல் இரண்டும் பெண். மூன்றாவதும் பெண்.

மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

“மூணும் பொட்டப் புள்ளையா? உன் வயித்துல என்ன கோளாறோ!”

மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “நானா அத்தே கேட்டு வாங்கினேன்?” என்றாள். அவள் குரல் வெளியே வரவில்லை.

கணவன் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை டீக்கடையில் நண்பன் அவனுக்குத் தேறுதல் சொன்னான்.

“கவலைய விடுடா. மூணு பொண்ணு ஆயிடுச்சுல்ல? நாலாவது கட்டாயம் பையன்தான்.”

ஒரே நாளில் இரண்டு பேச்சு எழுந்துவிட்டது. குறை மருமகளிடம் என்பது ஒன்று. நாலாவது கட்டாயம் பையன் என்பது இன்னொன்று. இந்த இரண்டும் சரியா? இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். கையில் நாலு காசு இருந்தால் போதும்.

ஒரு காசு

முதலில் ஒரு காசை எடுத்துச் சுண்டுங்கள். பூ விழலாம். தலை விழலாம். எது விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டில் ஒன்றுதான் விழும் என்று சொல்லலாம். இரண்டுக்கும் சமமான வாய்ப்பு என்றும் சொல்லலாம். பூ விழும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதாவது அரை. இதைத்தான் படித்தவர்கள் நிகழ்தகவு என்கிறார்கள்.

குழந்தை பிறப்பும் இப்படித்தான். தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் என்ற குரோமோசோம்தான் இருக்கும். தந்தையின் விந்தணுவில் இரண்டு வகை உண்டு. சிலவற்றில் எக்ஸ் இருக்கும். சிலவற்றில் ஒய் இருக்கும். எக்ஸ் உள்ள விந்தணு முந்திக்கொண்டு கருமுட்டையில் சேர்ந்தால் பெண் குழந்தை. ஒய் உள்ளது சேர்ந்தால் ஆண் குழந்தை.

ஆகவே காசு தாயின் கையில் இல்லை. தந்தையின் பக்கம் இருக்கிறது. அதற்காகத் தந்தையைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. கோடிக்கணக்கான விந்தணுக்களில் எது முந்தும் என்று அவர் தேர்ந்தெடுப்பதில்லை. அவரும் கேட்டு வாங்கவில்லை.

நாலு காசு

இப்போது நாலு காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காசும் ஒரு பிரசவம். பூ விழுந்தால் பெண். தலை விழுந்தால் ஆண். நாலையும் ஒரு தட்டில் குலுக்கிப் போடுங்கள். எத்தனை பூ விழுந்தது என்று எண்ணுங்கள்.

அந்த எண்ணிக்கை 0 ஆகலாம். 1, 2, 3, 4 ஆகலாம். இந்த ஐந்தைத் தவிர வேறு எண் வராது. இரண்டரைப் பெண் பிறப்பதில்லை அல்லவா? பாலை அளந்தால் இரண்டே கால் லிட்டர் வரும். குழந்தைகளை எண்ணினால் முழு எண்தான் வரும். படிக்கட்டுப் போல ஒவ்வொரு படியாகத்தான் ஏறும்.

எந்த எண் வரும் என்று முன்பே தெரியாது. எந்தெந்த எண்கள் வரக்கூடும் என்பது தெரியும். இப்படிப்பட்ட எண்ணுக்குத் தனிநிலைச் சமவாய்ப்பு மாறி என்று பெயர். பெயர்தான் நீளம். பொருள் எளிது.

இனி, நாலு பிரசவங்கள் எத்தனை விதமாக நடக்கலாம் என்று எழுதிப் பார்க்கலாம். பெண்ணுக்குப் ‘பெ’ என்றும் ஆணுக்கு ‘ஆ’ என்றும் எழுதலாம்.

பெண் இல்லாதது: ஆஆஆஆ. இது 1 விதம்.

ஒரு பெண்: பெஆஆஆ, ஆபெஆஆ, ஆஆபெஆ, ஆஆஆபெ. இது 4 விதம்.

இரண்டு பெண்: பெபெஆஆ, பெஆபெஆ, பெஆஆபெ, ஆபெபெஆ, ஆபெஆபெ, ஆஆபெபெ. இது 6 விதம்.

மூன்று பெண்: பெபெபெஆ, பெபெஆபெ, பெஆபெபெ, ஆபெபெபெ. இது 4 விதம்.

நாலும் பெண்: பெபெபெபெ. இது 1 விதம்.

ஆக மொத்தம் 1, 4, 6, 4, 1. கூட்டினால் 16. பதினாறு விதங்களுக்கும் சம வாய்ப்பு.

எந்த எண்ணுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று பிரித்துக் காட்டும் இந்தப் பட்டியலுக்குப் பரவல் என்று பெயர். ஒரு ரூபாயை ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் பங்குகளைச் சேர்த்ததும் மறுபடி ஒரு ரூபாய் வரும். பரவலும் அப்படித்தான். எல்லா வாய்ப்புகளையும் கூட்டினால் சரியாக ஒன்று வர வேண்டும்.

இதற்கு ஈருறுப்புப் பரவல் என்ற தனிப் பெயரும் உண்டு. நாலு நிபந்தனைகள் பொருந்தினால் இந்தப் பரவல் வரும். ஒவ்வொரு தடவையும் இரண்டில் ஒன்றுதான் நடக்க வேண்டும். எத்தனை தடவை என்பது முன்பே முடிவாகி இருக்க வேண்டும். வாய்ப்பு ஒவ்வொரு தடவையும் மாறாமல் இருக்க வேண்டும். ஒரு தடவை நடந்தது அடுத்த தடவையைப் பாதிக்கக் கூடாது.

1, 4, 6, 4, 1 என்ற இந்த வரிசை நம் நாட்டுக்குப் பழக்கமானது. வடமொழிச் செய்யுளில் அசைகள் இரண்டு வகை. குறுகியது லகு. நீண்டது குரு. நாலு அசைகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று பிங்கலரின் வழியில் வந்த அறிஞர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் அந்த எண்களை மலை போல அடுக்கிக் காட்டினார். மேருப் பிரஸ்தாரம் என்பது அதன் பெயர். பிரான்ஸ் நாட்டுப் பாஸ்கல் இதே முக்கோணத்தைப் பற்றி எழுதியது 1654இல்தான்.

பட்டியல் சொல்லும் செய்தி

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

சராசரி எவ்வளவு? பதினாறு குடும்பங்களில் உள்ள பெண்களைக் கூட்டினால் 32. அதைப் பதினாறால் வகுத்தால் 2. அதாவது சராசரியாகக் குடும்பத்துக்கு இரண்டு பெண்.

அப்படியானால் எல்லா வீட்டிலும் இரண்டு பெண், இரண்டு ஆண் இருக்க வேண்டுமா? இல்லை. பதினாறில் ஆறு வீட்டில்தான் அப்படி இருக்கும். மற்றப் பத்து வீட்டில் ஒரு பக்கம் கூடும், ஒரு பக்கம் குறையும். சமமாக இல்லாததுதான் இயல்பு.

நாலும் பெண்ணாக உள்ள வீடு பதினாறில் ஒன்று. நாலு பிள்ளை பெற்ற குடும்பங்கள் 1600 இருந்தால் அவற்றில் சுமார் 100 வீட்டில் நாலும் பெண். இன்னொரு 100 வீட்டில் நாலும் ஆண். அந்த 100 பேர் பாவம் செய்யவில்லை. இந்த 100 பேர் புண்ணியம் செய்யவில்லை. காசு அப்படி விழுந்தது. அவ்வளவுதான்.

மூன்று பிள்ளை பெற்று மூன்றும் பெண்ணாவது எட்டில் ஒன்று. மூன்று பிள்ளை பெற்ற குடும்பங்கள் 80 உள்ள ஊரில் சுமார் 10 வீடு இப்படி இருக்கும். முன்னே சொன்ன மருமகள் அந்தப் பத்தில் ஒருத்தி. அவள் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை.

காசுக்கு நினைவு இல்லை

டீக்கடை நண்பன் சொன்னது என்ன? மூன்று பெண் பிறந்துவிட்டது, நாலாவது கட்டாயம் பையன் என்றான். நல்ல மனத்தோடுதான் சொன்னான். ஆனால் தப்பு.

பட்டியலைத் திரும்பப் பாருங்கள். முதல் மூன்றும் பெண்ணாக உள்ள விதங்கள் எத்தனை? பெபெபெஆ, பெபெபெபெ. இரண்டே இரண்டு. ஒன்றில் நாலாவது ஆண். ஒன்றில் நாலாவது பெண். வாய்ப்பு மறுபடியும் அரைதான்.

மூன்று தடவை பூ விழுந்தது என்பது காசுக்குத் தெரியாது. காசுக்கு நினைவு இல்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பது போல அது தலையைத் திருப்பிக் கொடுக்காது. சூதாட்டத்தில் தோற்றவன் அடுத்த ஆட்டம் கட்டாயம் எனக்குத்தான் என்று வீட்டை அடகு வைப்பதும் இந்தத் தப்பான எண்ணத்தால்தான்.

மருந்து விற்கிறவரின் லாபம்

ஆசை உள்ள இடத்தில் வியாபாரம் வந்துவிடும். ‘இந்த மருந்தைச் சாப்பிட்டால் ஆண் குழந்தை. பிறக்காவிட்டால் பணம் வாபஸ்’ என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் விலை 500 ரூபாய். அது வெறும் சாம்பலும் வெல்லமும் கலந்த உருண்டை.

பணம் வாபஸ் என்கிறாரே, பொய்யாக இருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்வாரா என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நூறு பேர் வாங்குகிறார்கள். வசூல் 50,000 ரூபாய். மருந்து ஒன்றும் செய்யாது. அப்படியும் சுமார் 50 பேருக்கு ஆண் குழந்தை பிறக்கும். மற்ற 50 பேருக்கும் அவர் நாணயமாகப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 25,000 ரூபாய் போய்விட்டது. மீதி 25,000 ரூபாய் அவர் பையில்.

ஒரு ஆளுக்குச் சராசரி லாபம் 250 ரூபாய். ஒரு ஆளிடம் அவருக்குக் கிடைப்பது 500 ஆகலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். அரை வாய்ப்பு, அரை வாய்ப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வருவது 250. இதற்குத்தான் கணித எதிர்பார்ப்பு என்று பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண் குழந்தை பிறந்த 50 பேரும் ஊரெல்லாம் போய்க் கைராசிக்காரர் என்று புகழ்வார்கள். பெண் பிறந்தவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். புகழ்ச்சி மட்டும் காதில் விழும். மருந்தின் பெருமை இப்படித்தான் வளர்கிறது.

பையன் பிறக்கும் வரை

சில வீடுகளில் ஒரு முடிவு எடுக்கிறார்கள். பையன் பிறக்கும் வரை பெற்றுக்கொண்டே இருப்பது. பையன் பிறந்ததும் நிறுத்திக்கொள்வது. இதனால் நாட்டில் ஆண்கள் கூடிவிடுவார்களா?

1600 குடும்பங்கள் இப்படி முடிவு செய்ததாக வைத்துக்கொள்ளலாம். முதல் பிரசவத்தில் 800 ஆண், 800 பெண். பையன் பெற்ற 800 குடும்பம் நிறுத்திக்கொள்கிறது. மீதி 800 குடும்பத்தில் இரண்டாவது பிரசவம். 400 ஆண், 400 பெண். அடுத்த சுற்றில் 200 ஆண், 200 பெண். அதற்கடுத்து 100, 100. அதற்கடுத்து 50, 50.

எந்தச் சுற்றை எடுத்தாலும் ஆணும் பெண்ணும் சரிக்குச் சரி. ஆகவே மொத்தமும் சரிக்குச் சரி. நிறுத்தும் இடத்தை மாற்றலாம். காசை மாற்ற முடியாது.

முதல் பையன் எத்தனையாவது பிரசவத்தில் வருவான் என்பதும் ஒரு சமவாய்ப்பு மாறிதான். முதலாவதில் வர வாய்ப்பு அரை. இரண்டாவதில் கால். மூன்றாவதில் அரைக்கால். ஒவ்வொரு படியிலும் பாதி பாதியாகக் குறையும். இதைப் பெருக்குப் பரவல் எனலாம். சராசரியாக இரண்டாவது பிரசவத்தில் பையன் வந்துவிடுவான். சராசரி என்பது ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் 1600இல் 50 தாய்மார் நாலு பெண்ணுக்குப் பிறகு ஐந்தாவதாகத்தான் பையனைப் பெறுவார்கள். இன்னொரு 50 தாய்மாருக்கு ஐந்தும் பெண். அவர்கள் ஆறாவது பிரசவத்துக்குப் போவார்கள். ரத்தம் குன்றிய உடம்போடு போவார்கள்.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் இன்னொரு செய்தி உண்டு. முதல் 800 வீட்டில் ஒரே பையன். அவனுக்குப் பங்காளி இல்லை. பாலும் முட்டையும் படிப்பும் அவனுக்கே. பெண் குழந்தைகள் எல்லோரும் மற்ற 800 வீட்டில்தான் இருக்கிறார்கள். அங்கே சராசரியாக வீட்டுக்கு இரண்டு பெண், ஒரு பையன். எண்ணிக்கை சமம்தான். தட்டில் விழும் சோறு சமம் இல்லை. யாரும் பெண் குழந்தையை வெறுக்காவிட்டாலும் இந்த ஒரு முடிவே அவள் பங்கைக் குறைத்துவிடுகிறது.

சரியாக அரையா?

இதுவரை வாய்ப்பு சரியாக அரை என்று வைத்துக்கொண்டு பேசினோம். உண்மையில் இயற்கையின் காசு ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

இதை ஜான் ஆர்பத்நாட் என்ற மருத்துவர் எண்ணிக் காட்டினார். லண்டன் நகர ஞானஸ்நானப் பதிவேடுகளை 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளுக்கு அவர் எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டிலும் ஆண் குழந்தைகளே கொஞ்சம் அதிகம். சரியான காசு 82 தடவை தொடர்ந்து தலையாக விழுமா? விழாது. ஆகவே இது தற்செயல் இல்லை என்றார் அவர்.

உலகம் முழுவதும் இயற்கையாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆயிரம் ஆணுக்குச் சுமார் 952 பெண் என்று சொல்லலாம். சிறு வயதில் ஆண் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து சற்று அதிகம். அதை இயற்கை முன்பே ஈடுகட்டிவிடுகிறது போலும். ஒரு வீட்டுக் கணக்குக்கு அரை என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. நாட்டுக் கணக்குக்கு 952ஐ நினைவில் வைக்க வேண்டும்.

சின்ன எண்ணும் பெரிய எண்ணும்

இனி ஒரு முக்கியமான இடம். காது கொடுத்துக் கேளுங்கள்.

ஒரு வீட்டில் நாலும் ஆண் என்றால் அதில் வியப்பில்லை. ஒரு ஊரில் ஒரு வருஷத்தில் பிறந்த 20 குழந்தைகளில் 6 பெண்தான் என்றால்? அப்போதும் அவசரப்பட்டு யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. ஒரு கையும் படாமலே, நூறு ஊரில் சுமார் 6 ஊரில் பெண்கள் ஆறாகவோ அதற்கும் குறைவாகவோ இருப்பார்கள்.

எண்ணிக்கை பெருகப் பெருக இந்த ஆட்டம் அடங்கிவிடும். எவ்வளவு அடங்கும் என்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. எத்தனை பிறப்போ அதன் வர்க்கமூலத்தைப் பாருங்கள். பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. ஆகவே 100இன் வர்க்கமூலம் 10. நூறு பிறப்பில் பெண்களின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடப் பத்து கூடலாம், பத்து குறையலாம். நூறு தடவை பார்த்தால் 95 தடவை அளவில் இந்த எல்லைக்குள் இருக்கும்.

10,000 பிறப்பு என்றால் நூறு கூடலாம், குறையலாம். 10 லட்சம் பிறப்பு என்றால் ஆயிரம் கூடலாம், குறையலாம். நூறில் பத்து என்பது பத்து சதவீதம். 10 லட்சத்தில் ஆயிரம் என்பது ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு. பார்த்தீர்களா, எப்படிச் சுருங்கிவிட்டது!

சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த யாக்கோப் பெர்னோலி என்ற கணித அறிஞர் இந்த உண்மையை நிறுவினார். அவர் இறந்த பிறகு, 1713இல், அவருடைய நூல் வெளிவந்தது. ஒரு காசு எப்படி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து லட்சம் காசு எப்படி விழும் என்று கணக்குத் தெரிந்தவர் யாரும் சொல்லலாம்.

நாட்டுக் கணக்கு

இந்த அளவுகோலோடு நம் நாட்டுக் கணக்கைப் பார்க்கலாம். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தனியாக எண்ணுகிறார்கள். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1961இல் 976 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 1991இல் 945 ஆயிற்று. 2001இல் 927. 2011இல் 920க்கும் கீழே போய்விட்டது.

மாநிலங்களைப் பாருங்கள். 2001இல் கேரளத்தில் 960. அதே ஆண்டு அரியானாவில் 819. பஞ்சாபில் 798.

10 லட்சம் குழந்தைகள் இருந்தால் இயற்கைக் கணக்குப்படி சுமார் 4,88,000 பேர் பெண்களாக இருக்க வேண்டும். தற்செயலாக ஆயிரம் கூடலாம், ஆயிரம் குறையலாம். 2001இல் அரியானாவில் 10 லட்சம் குழந்தைகளுக்குச் சுமார் 4,50,000 பேர்தான் பெண்கள். ஆயிரம் குறைந்தால் காசைச் சொல்லலாம். 38,000 குறைந்தால்?

இயற்கையின் காசு மாநில எல்லை பார்ப்பதில்லை. கேரளத்தில் ஒரு மாதிரியும் அரியானாவில் வேறு மாதிரியும் விழுவதில்லை. பையன் வேண்டும் என்ற ஆசை மட்டும் எண்ணிக்கையை மாற்றாது என்றும் பார்த்தோம். அப்படியானால் இடையில் மனிதக் கை புகுந்திருக்கிறது. ஸ்கேன் செய்து, கருவில் இருப்பது பெண் என்று தெரிந்து, கலைத்துவிடுகிறார்கள். பிறந்த பிறகும் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகத் தாமதிக்கிறார்கள். அந்தச் சாவுகளும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலும் இந்த வேதனை இருந்தது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது அதனால்தான்.

ஆக, கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒரு வீட்டில் பெண்ணாகப் பிறந்தால் யாரும் குற்றவாளி இல்லை. ஒரு நாட்டில் பெண்கள் இவ்வளவு குறைந்தால் யாரோ பதில் சொல்ல வேண்டும். ஆனால் நடப்பது தலைகீழாக இருக்கிறது. குற்றமே செய்யாத மருமகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறோம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துச் சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. 1996 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. 2003இல் திருத்தி மேலும் கடுமையாக்கினார்கள். சொல்கிறவருக்கும் தண்டனை உண்டு, போய்க் கேட்கிறவருக்கும் தண்டனை உண்டு. மூன்று ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு. வாயால் சொன்னாலும் ஜாடையாகச் சொன்னாலும் குற்றம்தான். ஸ்கேன் எடுக்கும் இடத்தில், பாலினம் சொல்லப்படாது என்ற பலகை அந்த ஊர் மொழியிலும் இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது அந்தப் பலகையைப் படித்துப் பாருங்கள்.

ஒரு பெண் இந்தச் சோதனைக்கு உட்பட்டால், கணவனோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். அவளைக் குற்றவாளியாகப் பார்க்காது.

நிலைமை மாறாததும் இல்லை. அரியானாவில் 819ஆக இருந்தது 2011இல் 834 ஆயிற்று. பஞ்சாபில் 798 என்பது 846 ஆயிற்று. 2019–21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆயிரம் ஆணுக்கு 929 பெண் பிறந்ததாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் அது 919. ஏறுகிறது. ஆனால் 952க்கு இன்னும் தூரம் இருக்கிறது.

மறுபடி அந்த வீட்டுக்கு

முதலில் பார்த்த வீட்டுக்குத் திரும்பலாம். நாலு நாள் கழித்துக் கிராம நர்ஸ் குழந்தையைப் பார்க்க வந்தார். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“நர்ஸம்மா, இவளுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா? மூணும் பொண்ணாப் போச்சு.”

நர்ஸ் முந்தானை முடிச்சிலிருந்து நாலு காசை எடுத்துப் பாட்டியின் கையில் கொடுத்தார்.

“பாட்டி, இதக் குலுக்கிப் போடுங்க.”

பாட்டி போட்டார். மூன்று பூ, ஒரு தலை.

“ஏன் மூணு பூ போட்டீங்க? உங்க கையில ஏதும் கோளாறா?”

“நானா போட்டேன்? அதுவா விழுந்துச்சு.”

“அதைத்தான் உங்க மருமகளும் சொன்னா.”

பாட்டி பதில் பேசவில்லை. காசுகளை மறுபடி குலுக்கினார். மறுபடி போட்டார். இரண்டு பூ. இன்னொரு தடவை. ஒரு பூ. கொஞ்ச நேரம் காசுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ என் மகன்?”

“அவரும் கேட்டு வாங்கலம்மா.”

உள்ளே குழந்தை அழுதது. பாட்டி முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். நாலு நாளாகத் தாண்டாத வாசற்படியைத் தாண்டி உள்ளே போனார்.

சகோதரிகளே, சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் நாலு காசை எடுங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். 16 தடவை குலுக்கிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் எத்தனை பூ என்று சிலேட்டில் எழுதுங்கள். சரியாக 1, 4, 6, 4, 1 என்று வராது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நாளைக்கு இங்கே எல்லோரும் எழுதியதைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். முப்பது வீட்டுக் கணக்கும் சேரும்போது அந்த மலை மெல்ல மெல்ல எழுந்து வரும்.

அதன் பிறகு யாராவது ஒரு தாயைப் பார்த்து ‘எல்லாமே பொண்ணா?’ என்று உதடு பிதுக்கினால், அவர் கையில் நாலு காசைக் கொடுங்கள்.